கஞ்சிக் கதையின் முடிவு

கொஞ்சம் தள்ளி உக்காருங்க டீச்சர், பைய மடியில வச்சுக்கிடுதேன். டீச்சர்தானே நீங்க? பரீட்சைப் பேப்பர் கட்டும் செவப்புப் பேனாவும் வச்சிருக்கீக, அதான் கேட்டேன். எனக்கு ஒரு ஒதவி செய்யணும். வேலாண்குளம் விலக்கு ஸ்டாப்பு வந்தா சொல்லணும். எடம் எனக்குத் தெரியும், எங்க நாத்தனாரக் கெட்டிக் குடுத்த ஊரு, நூறு தடவ வந்திருக்கேன். ஆனா இன்னைக்குக் கண்ணு எதையும் பாக்க மாட்டேங்கு. தண்ணி பாட்டில் மூடியத் தெறக்க முடியல.

ஒடம்புக்கு ஒண்ணுமில்ல. பயம். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போறேன். பதினொரு மணிக்கு வரச் சொல்லியிருக்காக. நாப்பத்தாறு வயசுல இன்னைக்குத்தான் அந்தப் படி ஏறப் போறேன். திருடல, யாரையும் அடிக்கல. ஒரு கதை எழுதினேன். அதுக்குத்தான் கூப்பிட்டிருக்காக.

சிரிக்காதீங்க டீச்சர், நெசமாத்தான் சொல்லுதேன். எங்க வீட்டுக்காரரு சங்கரன்கோவில்ல விசைத்தறி ஓட்டுதாரு. கூட வாங்கன்னு கூப்பிட்டேன். அவரு தங்கச்சி காரியம்தான். 'நீ எழுதுன, நீயே போய்ப் பேசு'ன்னுட்டு தறிக்குப் போயிட்டாரு. ஆம்பள தொண இருந்தா கொஞ்சம் தைரியமா இருந்திருக்கும். விடுங்க.

எம்பேரு சங்கரவடிவு. பத்திரிகைல வாணி வடிவுன்னு வரும். படிச்சிருக்கீகளா? இல்லையா? சரி, பரவாயில்ல, உங்களுக்குப் பேப்பர் திருத்தவே நேரம் சரியா இருக்கும். பதினஞ்சு கதை வந்திருக்கு. அஞ்சு போட்டோவோட.

எழுதுததுல என்ன சொகம்னு நீங்க கேக்கல, ஆனா நானே சொல்லிருதேன், பேசிக்கிட்டு இருந்தாத்தான் பயம் கொறையும். வீட்டுல நான் சொன்னா ஒரு தம்ளர் நகராது டீச்சர். கதைல நான் சொன்னா ஊரே நகரும். எங்க மாமியாவ மூணு தடவ கொன்னிருக்கேன். ஒரு தடவ கெணத்துல, ஒரு தடவ மாரடைப்பு, மூணாவது தடவ பாவம்னு தூக்கத்துலயே. மறுநாள் காலைல அவுகளுக்கே காபி ஆத்திக் குடுப்பேன் பாருங்க, ஒரு துளி கோவம் இருக்காது. எங்க வீட்டுக்காரரு கதைல எனக்குத் தலவலின்னா தைலம் தேச்சு விடுவாரு. எங்கிட்ட மன்னிப்பெல்லாம் கேட்டிருக்காரு, ரெண்டு கதைல. ரேஷன் கடைல ஸ்டூல் எடுத்துப் போடுதாக, 'எழுத்தாளரம்மா உக்காருங்க'ன்னு. எங்க மாமியாவே பத்திரிகையத் தூக்கிட்டுத் தெருத்தெருவாப் போவாக, எம் மருமக பேரு வந்திருக்குன்னு. மூணு தடவ செத்தது தெரியாம.

யாரு கேக்கப் போறா? கதைதானே. அப்படித்தான் நெனச்சிருந்தேன்.

எங்க நாத்தனா பேரு இசக்கி. முப்பத்திரண்டு வயசு. கெட்டிக் குடுத்து எட்டு வருசம் ஆச்சு, பிள்ள இல்ல. மாசத்துல ஒரு செவ்வாக்கெழமை கோமதியம்மன் கோயிலுக்குன்னு சொல்லிட்டு வருவா. சாமி கும்பிட்டுட்டு நேரா எங்க வீட்டுக்குத்தான் வருவா. எங்கையெழுத்து இருக்கே, கோழி கிண்டுன மாதிரி இருக்கும். பத்திரிகைக்கு அனுப்பணும்னா ஒரு பக்கமா எழுதணும், ஓரம் விடணும், அடிச்சுத் திருத்தப்படாது. போன்ல அடிச்சு அனுப்புங்கன்னாக, எனக்குக் கண்ணு பூத்துப் போகும். இசக்கி எழுத்து முத்து முத்தா இருக்கும். நான் ரஃப் நோட்டக் குடுப்பேன், அவ அடுப்படிச் செவுத்துல சாஞ்சு உக்காந்து நல்ல தாள்ல எழுதித் தருவா. பதினஞ்சு கதையும் அவ எழுத்துலதான் போச்சு.

எழுதும்போது மட்டும் அவ மூஞ்சில ஒரு தெளிச்சி வரும் டீச்சர். எடைல எடைல கேள்வி கேப்பா. 'மதினி, இவ ஏன் திருப்பி ஒரு வார்த்த கேக்க மாட்டேங்கா?'ம்பா. 'கதைல அப்படி வராதுட்டி, எழுது'ம்பேன். எழுதுவா.

அவ வீட்டுக்காரரு கோமதிநாயகம். மாவு மில்லு வச்சிருக்காரு. குடி கெடையாது, பீடி கெடையாது, ஊரே தங்கமான மனுசன்னு சொல்லும். வயித்துப்புண்ணு. அதனால மூணு வேளையும் கஞ்சி. அந்தக் கஞ்சி சூடு கூடுனாலும் தப்பு, கொறஞ்சாலும் தப்பு. தை மாசம் இசக்கி வந்தா, எடது கை மணிக்கட்டுல இருந்து முழங்கை வரைக்கும் தோலு உரிஞ்சு கெடக்கு. 'என்னட்டி?'ன்னேன். 'கஞ்சி கொட்டிருச்சு மதினி'ன்னா. தானா கொட்டுனா ஒரு பக்கமா வழிஞ்சிருக்கும். இது சுத்தி ஊத்துன மாதிரி இருந்துச்சு. கையப் பிடிச்சு வச்சுக்கிட்டு ஊத்துனா அப்படி இருக்கும். எனக்குப் பாத்ததும் புரிஞ்சுபோச்சு. எழுதுதவ கண்ணு, தப்பாது.

அவ பஸ் ஏறுனதும் எழுத உக்காந்துட்டேன். ஒரே மூச்சு. அந்தக் கையப் பத்தி ஒரு பாரா டீச்சர், நானே சொல்லப்படாது, ரொம்ப நல்லா வந்திருந்துச்சு. எழுதும்போதே அழுதுட்டேன். அப்படி அழுகை வந்தா கதை தேறிரும்னு அர்த்தம்.

அவ அண்ணங்காரர்ட்ட, எங்க வீட்டுக்காரர்ட்ட, சொல்லலியான்னு கேக்கீகளா? சொன்னேனே. 'குடும்பம்னா நாலும் இருக்கும்'னாரு. பொறவு நான் என்ன செய்ய? எனக்கு முடிஞ்சது எழுதுதது. எழுதிட்டேன்.

கதைல பொண்ணு பேரு செண்பகம். மாவு மில்ல மரக்கடையா மாத்துனேன். ஊர மாத்துனேன். வயித்துப்புண்ண மாத்தல, கஞ்சி வேணும்ல. செண்பகம் அடி தாங்காம கஞ்சில ஒரு வேரு அரைச்சுக் கலக்கிருதா. கரும்பூனை வேருன்னு பேரு. அப்படி ஒரு வேரே ஒலகத்துல கெடையாது, நானா வச்ச பேரு. புருசங்காரன் செத்துப் போறான். கடைசில போலீஸ் வந்து அவளக் கூட்டிட்டுப் போகுது. தப்பு செஞ்சா மாட்டணும்ல டீச்சர், குடும்பத்துல எல்லாரும் படிக்க பத்திரிகை.

மாசி மாசம் இசக்கி வந்தப்ப நோட்ட அவ கையிலேயே குடுத்தேன். ஏன் அப்படிப் பாக்கீக? பேர மாத்திட்டேன்ல.

முழுசாப் படிச்சா. பொறவு, 'இந்த வேரு எங்க மதினி கெடைக்கும்?'ன்னா. எனக்கு அவ்வளவு சந்தோசம் டீச்சர். இட்டுக்கட்டுனது அம்புட்டு நெசமா இருந்திருக்கு பாருங்க. 'அடியே, எல்லாம் நான் விட்ட கத'ன்னேன். 'இருக்கும் மதினி, வேற பேருல இருக்கும்'னா. சித்த நேரம் கழிச்சு, 'எத்தன நாளாகும்?'ன்னா. நான் பத்து நாளுன்னு போட்டிருந்தேன். 'பத்து நாளுல செத்தா சந்தேகம் வந்துரும், நாளக் கூட்டுங்க'ன்னா. நல்ல யோசனையா இருக்கேன்னு இருவதா மாத்துனேன். இப்படி ஊன்றிப் படிக்க ஆளு எந்த எழுத்தாளனுக்குக் கெடைக்கும்? அவளே நல்ல தாள்ல எழுதி, கவர்ல போட்டு ஒட்டி, போற வழில போஸ்ட் பண்ணிட்டா.

இன்னும் எத்தன ஊரு இருக்கு டீச்சர்? நாலா? சரி.

போன வெள்ளிக்கெழம கதை வந்துச்சு. போட்டோ பெருசாப் போட்டிருந்தாக. வாசல்ல நின்னே படிக்கேன், படிக்கேன், கடைசிப் பக்கத்துக்கு வந்தா போலீஸே வரல. எம் முடிவு இல்ல அது. செண்பகம் சாவு வீட்டுக் கூட்டமெல்லாம் போனப்பொறவு சட்டியக் கழுவிக் கவுத்துதா. புதுசா ஒல வச்சு, தனக்குன்னு கஞ்சி காச்சுதா. உக்காந்து குடிக்கா. 'அன்றைக்குத்தான் அவள் சூடாகச் சாப்பிட்டாள்.' அவ்வளவுதான், அதோட முடிஞ்சுபோச்சு.

எனக்கு ஒடம்பெல்லாம் எரியுது. எவன் கைய வச்சான்னு பத்திரிகை ஆபீஸுக்குப் போன் போட்டேன். ஆசிரியரே எடுத்தாரு. நான் வாயத் தொறக்குறதுக்கு முன்னாடி, 'அம்மா, அந்தக் கடைசி வரி'ன்னாரு. 'உங்க பதினஞ்சு கதைல இதுதாம்மா கதை'ன்னாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? 'நன்றி சார், தானா வந்துச்சு'ன்னேன்.

இசக்கி மாத்தியிருக்கான்னு அப்பதான் வெளங்குச்சு. ஆத்திரம்னா ஆத்திரம். பதினாலு கதைக்கு ஒருத்தரும் இப்படிச் சொல்லல, அவ மூணு வரி எழுதி வாங்கிட்டாளே. கூப்பிட்டு நாக்கப் பிடுங்குத மாதிரி கேக்கணும்னு இருந்துச்சு. கேக்க முடியல. அவ அப்ப திருநெல்வேலி ஆஸ்பத்திரில இருந்தா, புருசனுக்குக் காவலா.

அதச் சொல்லலியே. கதை வாரதுக்கு ஒரு வாரம் முன்னாடி கோமதிநாயகம் ரத்த வாந்தி எடுத்துட்டாரு. வயித்துப்புண்ணு ஒடைஞ்சிருச்சுன்னாக டாக்டருக. பல வருசத்து நோவு, யாருக்கும் ஒரு சந்தேகமும் இல்ல. நானும் ஆரஞ்சுப்பழம் வாங்கிட்டுப் போய்ப் பாத்துட்டு வந்தேன். இசக்கி வராண்டால உக்காந்திருந்தா. அழல. நல்லாத் தூங்கி எந்திச்ச மாதிரி இருந்தா. பாவம், அதிர்ச்சில பித்துப் பிடிச்சிருக்குன்னு நெனச்சு தலையத் தடவிக் குடுத்துட்டு வந்தேன்.

கோமதிநாயகத்துக்கு ஒரு தம்பி. முடிவெட்டப் போன எடத்துல பத்திரிகையப் பொரட்டியிருக்கான். எம் போட்டோ. பக்கத்துல கத. கஞ்சி, வயித்துப்புண்ணு, வெந்த கை. பாதித் தலையோட எந்திச்சு அப்படியே ஸ்டேஷனுக்குப் போயிட்டானாம்.

செவ்வாக்கெழம இன்ஸ்பெக்டரு போன் பண்ணுனாரு. 'வாணி வடிவு நீங்கதானா?'ன்னாரு. வாசகர்னு நெனச்சு, 'ஆமா, சொல்லுங்க'ன்னு ராகமா இழுத்தேன். ஸ்டேஷன்ல இருந்துன்னாரு. 'பத்திரிகைல இருந்து கையெழுத்துப் பிரதியப் படம் பிடிச்சு அனுப்பியிருக்காங்கம்மா. அந்தக் கையெழுத்து உங்களுதா?'ன்னாரு. 'சார், சிக்னல் இல்ல'ன்னு கட் பண்ணிட்டேன். போலீஸ்கிட்ட டீச்சர். வீட்டு நடுவுல நின்னுக்கிட்டு. அவரு திரும்பக் கூப்பிட்டு, 'வியாழக்கிழமை பதினொரு மணி, ரஃப் நோட்டு இருந்தா எடுத்துட்டு வாங்க'ன்னு வச்சுட்டாரு.

அன்னைக்கெல்லாம் எனக்கு எம்பயம்தான். என்னப் புடிச்சு உள்ள வச்சுருவாகளோ, பேரு கெட்டுப்போகுமோ, பத்திரிகைக்காரக இனிமே கதை வாங்க மாட்டாகளோ. ஒரு கற்பனைக்காக ஒரு அப்பாவிப் பிள்ளையச் சந்தேகப்படுதாகளேன்னு இசக்கிக்காகவும் கொஞ்சம் வருத்தப்பட்டேன். கொஞ்சந்தான். உள்ளதச் சொல்லுதேன்.

நேத்து மத்தியானம் அவளே கூப்பிட்டா.

'முடிவ மாத்துனதுக்குக் கோவமா மதினி?'ன்னா. 'ஏன்ட்டி மாத்துன?'ன்னேன். 'ஜெயிலுக்குப் போறதுக்கா அவ அம்புட்டுப் பாடுபட்டா?'ன்னா. ஆஸ்பத்திரில யாரோ யாரையோ கூப்பிடுத சத்தம் மட்டும் கேக்கு. பொறவு ரொம்ப மெதுவா, 'நீங்க போட்டிருந்த மாதிரி இருவது நாளெல்லாம் ஆகல மதினி'ன்னா. வச்சுட்டா.

டீச்சர், அந்தப் பாட்டிலக் கொஞ்சம் தொறந்து குடுங்களேன்.

இத நான் யாருகிட்டயும் சொல்லல. வீட்டுக்காரர்ட்ட சொல்லல. உங்கள்ட்ட ஏன் சொல்லுதேன்னு எனக்கே தெரியல, வாயி தானா பேசிக்கிட்டு இருக்கு. நீங்க எந்த ஊரு? வேண்டாம், சொல்லாதீங்க. எம்பேரையும் மறந்துருங்க. சங்கரன்கோவில்னு சொன்னதையும் மறந்துருங்க. கதை சொல்லுத பொம்பள ஒருத்தி பக்கத்துல உக்காந்து கத விட்டான்னு வச்சுக்கிடுங்க.

நெனவில்லாமக் கெடந்த கோமதிநாயகம் நேத்து சாயந்தரம் கண்ணு முழிச்சிருக்காரு. டாக்டருக பொழைச்சாலும் பொழைப்பாருங்காக, உறுதி இல்லங்காக. முழிச்சதும் என்ன கேட்டாரு தெரியுமா? இசக்கி கையால கஞ்சி வேணும்னு கேட்டாராம். எங்க மாமியா சொல்லிச் சொல்லி அழுதாக, என்ன பாசம் பாரு மாப்பிளைக்குன்னு.

அவரு செத்துட்டா கொல கேஸு. பொழைச்சுட்டா இவ அந்த வீட்டுக்குத்தான் திரும்பணும், அந்த மனுசனுக்குத்தான் கஞ்சி காச்சணும். தம்பிக்காரன் வேற இப்ப கதைய வாசிச்சிருக்கான், இனி ரெண்டு பேரா சேந்து இவளப் பாத்துக்கிடுவாக. காலைல வெளக்கேத்திட்டு நின்னேன் டீச்சர். என்ன வேண்டிக்கிடன்னு தெரியல. மாமியா பின்னால நின்னு நல்லா வேண்டிக்கோங்காக. சும்மா கண்ண மூடிக்கிட்டு நின்னேன்.

ரஃப் நோட்டா? இல்ல, பையில இல்ல. அதுல எங்கையெழுத்துல போலீஸ் வார முடிவு இருக்கு. ஆபீஸ்ல இருக்க தாள்ல அவ கையெழுத்துல அவ முடிவு இருக்கு. ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா சின்னப்பிள்ளைக்கும் புரிஞ்சுரும். விடிஞ்சதும் வெந்நி அடுப்புல வச்சுட்டேன். இன்னும் அனுப்பாத கதை பதினொண்ணு அதுல இருந்துச்சு. ஒரு கதை நல்லா வந்திருந்துச்சு. வெந்நி காஞ்சதும் மாமியா குளிச்சுட்டு வந்துட்டாக.

விலக்கு அடுத்ததா? அதுக்குள்ளயா? டீச்சர், ஒரு ஒதவி. இன்ஸ்பெக்டரு கேக்க மாதிரி நீங்க கேளுங்க, நான் சொல்லிப் பாத்துக்கிடுதேன். உங்களுக்குத்தான் கேள்வி கேட்டுப் பழக்கம் இருக்குமே. கொஞ்சம் அதட்டியே கேளுங்க.

ஆமா சார், நான் எழுதுன கததான். வேரு கற்பனை சார், எங்க தேடுனாலும் கெடைக்காது. கையெழுத்து எங்க நாத்தனாருது சார். நான் சொல்லச் சொல்ல அவ எழுதுவா, அவ்வளவுதான். ஒரு எழுத்து கூட அவளுது இல்ல. அவளுக்கு அதெல்லாம் வெளங்காது சார். கதை கட்டுத புத்தியெல்லாம் கெடையாது. வெள்ளந்தி.

எப்படி இருக்கு? குரல் நடுங்குதா? வெள்ளந்தின்னு சொல்லும்போது பொய்னு தெரியுதா? அந்த மூணு வரிக்கு என்னோட பதினாலு கதையும் ஈடாகாது டீச்சர், எனக்குத் தெரியும். சரி, அடுத்தது கேளுங்க.

முடிவா? முடிவும் என்னுதுதான் சார். செண்பகத்த ஏன் தப்பிக்க விட்டேன்னா, எனக்கு அவளப் புடிச்சுக் குடுக்க மனசு வரல சார். அவ பொழைக்கட்டும்னு இருந்துச்சு. இது நல்லாச் சொன்னேன்ல? இதுல நடுக்கமே இல்ல பாருங்க. கேளுங்க, கேளுங்க, கண்டக்டரு விசில் ஊதுறதுக்குள்ள இன்னொண்ணு கேளுங்க.

என்ன கேட்டீக?

ஆமா சார். அந்தக் கைய நேர்லதான் பாத்தேன். பக்கத்துல உக்காந்து பாத்தேன்.

பாத்துட்டு என்ன செஞ்சேனா?

டீச்சர், இத அவரு கேக்க மாட்டாருல்ல? கேப்பாரா? கேட்டா நான் என்ன சொல்ல? நான் இதுக்கு ஒண்ணும் யோசிச்சு வைக்கலியே. ஏன் இதக் கேட்டீக? கதைய வச்சுத்தானே கேப்பாக, இது கதைல இல்லாதது. தங்கச்சிய இங்க கொண்டு வந்து வச்சுக்கிடுவோம்னு நான் ஒத்த வார்த்த எங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லல. அவள்ட்ட, 'போகாதட்டி, இங்க இரு'ன்னும் சொல்லல. பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நானே அனுப்பி வச்சேன். எனக்கு எழுதணும்னு அவசரமா இருந்துச்சு.

எந்திக்கேன், எந்திக்கேன். கம்பியப் பிடிச்சுக்கிடுதேன். டீச்சர், சொல்லுங்க, அவரு கேட்டா 'எழுதுனேன் சார்'னு சொன்னாப் போதுமா?